ஜிம் பலம் பாறையில் எவ்வளவு தூரம் வரும்? (அனுபவப் பகிர்வு)

சென்னையிலிருந்து (கேள்வி):

வணக்கம். ஒரு வருடமாக க்ளைம்பிங் (பாறையும் செயற்கைச் சுவரும் ஏறுதல்) செய்கிறேன். கூடவே ஜிம்மும் உண்டு. டெட்லிஃப்ட், பெஞ்ச், பிளாங்க், ஓட்டம் எல்லாம் கலந்த பொதுவான ஃபிட்னஸ் திட்டம். உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனால் சுவரில் மட்டும் ஆறு மாதமாக அதே கடினத் தரத்தில் நிற்கிறேன். ஜிம்மை விட்டுவிட்டு ஹேங்போர்டு (விரலால் தொங்கும் பலகை), கேம்பஸ் போர்டு (விரலாலேயே தாவி ஏறும் பலகை) என்று க்ளைம்பிங்குக்கே உரிய பயிற்சிக்கு மாறிவிடலாமா? நீங்கள் பார்த்ததை, பட்டதைச் சொல்லுங்கள்.

எர்லாங்கனிலிருந்து:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஜிம்மை விட வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். கேம்பஸ் போர்டு பக்கம் இப்போது போகவே வேண்டாம். விரல் பயிற்சியை மட்டும் கொஞ்சமாக, நிதானமாகத் தொடங்குங்கள். ஏன் என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஃபிராங்கன்யூரா பாறைகளுக்குப் பக்கத்தில். இங்கே சுண்ணாம்புப் பாறை. பிடி என்று கிடைப்பதில் பாதி, பாறையில் இருக்கும் குழிகள்தான். சிலவற்றில் மூன்று விரல் போகும், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்றே ஒன்று. இந்த ஊரில் ஏற ஆரம்பித்த யாருக்கும் தன் பலம் எங்கே நிற்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் தீவிர ஜிம் ஆள். இருபது புல்-அப் அசராமல் எடுப்பார். ஒருநாள் க்ளைம்பிங் ஹாலுக்குக் கூட்டிப்போனேன். லேசாக முன்னால் சாய்ந்த சுவர், நடுத்தரக் கடினத்தில் ஒரு ஏறும் தடம். பாதி வரைக்கும் கையாலேயே இழுத்துக்கொண்டு வேகமாகப் போனார். அப்புறம் அவருடைய முழங்கைகள் வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொள்ள ஆரம்பித்தன. முழங்கை அப்படித் தூக்கினால் முன்கை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கீழே பெலே, அதாவது அவருடைய பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சுண்டு விரல் பிடியிலிருந்து விலகியது, அடுத்து மோதிர விரல், அதோடு ஆள் கயிற்றில் தொங்கினார். மூச்சு வாங்கவில்லை, தோளிலும் முதுகிலும் இன்னும் நிறைய பலம் மிச்சம் இருந்தது. விரல் மட்டும் மூட மறுத்தது. அவர் இறங்கியதும் அதே தடத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா ஏறினார். ஒவ்வொரு பிடியிலும் கையை நீட்டித் தொங்கி, பாதத்தைத் திருப்பி வைத்து, ஒரு கையை உதறி ஆற்றிக்கொண்டு உச்சி வரை போய்விட்டார். அவரால் ஒரு புல்-அப் எடுக்க முடியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

காரணம் எளிது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண் வழியாகத்தான் இழுப்பு விரல் நுனிக்குப் போகிறது. ஒரு பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது அந்தத் தசை சுருங்கியபடியே அசையாமல் நிற்கிறது. இறுக்கம் கூடினால் தசைக்குள் இரத்த ஓட்டமே தடைபடுகிறது. நீங்கள் ஓடி வளர்த்த இதயமும் நுரையீரலும் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த அடைப்பைத் தாண்டி உதவி வந்து சேராது. டெட்லிஃப்ட் பிடியும் இதற்கு ஈடாகாது. அங்கே உருண்டையான கம்பியைக் கட்டைவிரலையும் சேர்த்து முழுக் கையால் சுற்றிப் பிடிக்கிறோம். பாறையில் 20 மில்லிமீட்டர் விளிம்பு கிடைத்தால் அதுவே நல்ல பிடி. அதைப் பிடிப்பது விரலின் கடைசிக் கணு மட்டும்தான். பொதுவான ஃபிட்னஸ் திட்டத்தில் அந்தக் கணுவுக்கென்று ஒரு பயிற்சிகூட இருப்பதில்லை.

சரி, அப்படியானால் முழுக்க க்ளைம்பிங் பயிற்சிக்கே மாறிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கேம்பஸ் போர்டின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1988-ல் ஜெர்மன் க்ளைம்பர் வொல்ஃப்காங் குல்லிஹ் நியூரம்பெர்க்கில் கேம்பஸ் சென்டர் என்ற ஜிம்மில்தான் முதல் பலகையை மாட்டினார். சாய்ந்த பலகையில் ஏணிப்படி போல மரச்சட்டங்கள், கால் வைக்காமல் விரலாலேயே தாவித் தாவி ஏற வேண்டும். 1991-ல் அவர் இங்கே வால்ட்கோப்ஃப் பாறையில் 'ஆக்‌ஷன் டிரெக்ட்' தடத்தை முடித்தது அந்தப் பயிற்சியின் பலத்தில்தான். அந்தத் தடத்தில் முதல் அசைவே ஒரு தாவல், அதுவும் விரல் குழியை நோக்கி. க்ளைம்பிங்குக்கென்றே செய்யும் பயிற்சிக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. ஆனால் பலகையை மாட்டும்போது அவர் யார் என்று பாருங்கள். 1984, 1985, 1987 என்று மூன்று முறை, அந்தந்தக் காலத்தில் உலகிலேயே மிகக் கடினமாகக் கருதப்பட்ட தடங்களை முதலில் ஏறி முடித்தவர். பல வருடப் பாறை அந்த விரல்களில் ஏற்கெனவே இருந்தது. ஒரு வருட விரல்களை அதே பலகையில் தொங்கவிடுவது சரியே அல்ல.

தசை சில வாரங்களில் பலம் கூட்டிக்கொள்ளும். தசைநாணும், அதை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் சின்னச் சின்ன வளையங்களும் மிக மெதுவாகத்தான் கெட்டிப்படும். ஜிம்மில் முதுகையும் புஜத்தையும் நன்றாக வளர்த்துக்கொண்டு வருபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது என் கணிப்பு. இழுக்கும் பலம் இருக்கிறது, தாங்கும் விரல் தயாராக இல்லை. எங்கள் ஹாலில் ஒரு இளைஞர் சின்ன விளிம்பில் விரல்களை முழுக்க மடித்து க்ரிம்ப் பிடித்து இழுத்தபோது, 'டப்' என்ற சத்தம் அடுத்த சுவர் வரை கேட்டது. மோதிர விரலின் அடிக்கணுவில் இருக்கும் ஏ2 வளையம் அறுந்துவிட்டது. அந்த சீசன் முழுவதும் அவரைப் பாறையில் பார்க்க முடியவில்லை.

பெங்களூரிலிருந்து:

எர்லாங்கன் அண்ணன் சொன்னது அவர் ஊர்ப் பாறைக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எந்தப் பாறை என்பதையும் கேட்க வேண்டும். நாங்கள் போவது ராமநகரா, பெங்களூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அங்கே பெரிய பெரிய கிரானைட் குன்றுகள். சாய்வான முகங்களில் பல இடங்களில் கைக்குப் பிடியே இருக்காது. உள்ளங்கையைப் பாறையில் பரப்பி வைத்து, ஷூவின் ரப்பர் உராய்வை நம்பி நிற்க வேண்டும்.

ஹேங்போர்டில் எடை கட்டித் தொங்குகிற ஒரு நண்பர் எங்களோடு வந்தார். கயிறு மாட்டப் பாறையில் அடித்திருக்கும் போல்ட்களில் மூன்றாவதைத் தாண்டியதும் அவருடைய கெண்டைக்கால் தையல் மெஷின் போல ஆட ஆரம்பித்தது. பயத்தில் பாறையைக் கட்டிக்கொண்டார். உடம்பு பாறையோடு ஒட்டியதும் பாதத்தின் மேல் விழ வேண்டிய எடை போய்விட்டது, கால் வழுக்கியது. அன்றைக்கு எங்களில் நிம்மதியாக ஏறியது யோகாவும் ஒற்றைக்கால் ஸ்குவாட்டும் செய்துவந்த ஒரு பெண். இடுப்பு உயரத்தில் ஒரு காலை வைத்து, அந்த ஒற்றைக்காலிலேயே எழுந்து நின்றார். பொதுவான பயிற்சி என்று நாம் ஒதுக்குவது அங்கே அப்படியே க்ளைம்பிங் பயிற்சியாக இருந்தது.

அதே ஆட்கள் வடகர்நாடகத்தில் இருக்கும் பாதாமிக்குப் போனால் கதை மாறும். மணற்கல், செங்குத்தான சுவர், படுக்கைவசமாக வரிவரியாய் விளிம்புகள். அங்கே விரல்தான் பேசும். எடை கட்டித் தொங்குகிற அந்த நண்பர் அங்கே எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஏறினார். ஆகவே சென்னைத் தம்பி, இந்த வருடம் எந்தப் பாறையில் ஏறப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, ஒரு அம்மாவாக எனக்கு அதுதான் முக்கியம். க்ளைம்பிங் பயிற்சி என்றாலே சிலர் 'எடையைக் குறை' என்பதில் போய் நிற்கிறார்கள். என் மகளோடு பயிற்சிக்கு வந்த ஒரு பெண் பிள்ளை சாப்பாட்டைப் பாதியாக்கினாள். முதல் இரண்டு மாதம் தரம் ஏறியது, எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு ஓயாமல் காயம், மாதவிடாயும் நின்றுபோனது. இது அவள் ஒருத்தியின் பிரச்சினை இல்லை. 2023-ல் சர்வதேச க்ளைம்பிங் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவில் இருந்த மருத்துவர்கள், போட்டியாளர்களின் உடல் மெலிவு விஷயத்தில் போதிய நடவடிக்கை இல்லை என்று சொல்லியே விலகினார்கள்.

என் மகளின் இப்போதைய பயிற்சியாளர் வாரத்தில் ஒரு நாள் முழுக்கப் பொது வலிமைக்கு வைத்திருக்கிறார். புஷ்-அப், தலைக்கு மேல் எடை தூக்குதல், ஸ்குவாட். ஏறும்போது எப்போதும் இழுக்கிற வேலைதான், அதனால் தோள் முன்னால் வளைந்துவிடும், தள்ளும் பயிற்சி அதைச் சரிக்கட்டும் என்கிறார். போல்டரிங்கில் (கயிறு இல்லாமல் குறைந்த உயரத்தில் ஏறுவதில்) மேலிருந்து குதித்து விழும்போது முழங்காலைக் காப்பதும் அந்த ஸ்குவாட்தான். 18 வயது வரை கேம்பஸ் போர்டு கிடையாது என்பதில் அவர் கறார். வளரும் பிள்ளைகளின் விரல் எலும்பில் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீண்டு வளரும் இடம்) இன்னும் மூடியிருக்காது, அதிலேயே முறிவு வரும்.

சென்னையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு வயது 26, பாதாமிதான் கனவு. எர்லாங்கன் அண்ணா, விரல் பயிற்சியை எப்படித் தொடங்குவது? வாடகை வீடு, சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார்.

எர்லாங்கனிலிருந்து:

துளையே வேண்டாம் தம்பி. 20 மில்லிமீட்டர் விளிம்பு வெட்டிய ஒரு மரக்கட்டை, உறுதியான கயிறு, கீழே மாட்ட ஜிம் வெயிட், இவை போதும். நின்றபடி ஒரு கையின் நான்கு விரலால் கட்டையைப் பிடித்துத் தரையிலிருந்து வெயிட்டைக் கிளப்புங்கள். விரல் பாதி மடிந்திருந்தால் போதும், முழு க்ரிம்ப் வேண்டாம். பத்து விநாடி பிடித்து இறக்கிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. கைக்கு நான்கைந்து முறை. பத்தாவது விநாடியில் இன்னும் இரண்டு மூன்று விநாடி பிடிக்கலாம் என்று தோன்றுகிற எடைதான் சரியான எடை. வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி, நன்றாகச் சூடேறிய பிறகு, களைக்காத விரலோடு. விரலின் அடிப்பக்கத்தை அழுத்தினால் வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஜிம்மை வாரம் இரண்டு நாளாக்குங்கள். டெட்லிஃப்ட்டும் தள்ளும் பயிற்சிகளும் இருக்கட்டும், மிச்ச நாட்களைச் சுவருக்குக் கொடுங்கள். அதிலும் ஒரு நாள் சுலபமான தடங்களில் தரையில் கால் வைக்காமல் இருபது நிமிடம் ஏறி இறங்கிக்கொண்டே இருங்கள். முன்கைக்கு வேண்டிய ஓட்டப்பயிற்சி அதுதான். பாதாமிக்குக் குளிர்காலத்தில் போங்கள், வெயிலில் அந்த மணற்கல் விளிம்புகள் கையை வியர்க்க வைத்துவிடும்.