மறுமொழி: ‘நுண்ணிழை’ வேண்டாம், ‘சிறுநரம்பிழை நலிவு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நீரிழிவுக்காரர்களுக்குக் கால் எரிச்சலைத் தரும் நரம்புக் கோளாறு ஒன்றை ஆங்கிலத்தில் small fibre neuropathy என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் கலைச்சொல் பட்டியலுக்காகக் கேட்டதில், இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: நுண்ணிழை நரம்பு நோய், மெல்லிழை நரம்புச் சிதைவு, சிறு நார் நரம்பியல் கோளாறு. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘சிறுநரம்பிழை நலிவு’ என்பது என் பரிந்துரை. காரணத்தைச் சொல்கிறேன், மடல் சற்று நீளும்.

இந்தச் சொல்லில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு என் பெரியப்பாதான் காரணம். இரவு படுத்ததும் அவருக்குப் பாதம் எரியத் தொடங்கும். போர்வை நுனி பட்டாலே துடித்துப்போவார். காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடியே விடியவைத்த நாள்கள் உண்டு. நரம்பை மின்சாரத்தால் தூண்டி, செய்தி போகும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்தார்கள், எல்லாம் சீராக இருக்கிறது என்று முடிவு வந்தது. குதிகால் தசைநாரில் சுத்தியலால் தட்டினால் பாதம் அசைந்தது. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தால் அதிர்வு தெரிந்தது. வீட்டில் மெல்ல மெல்ல ‘மனப்பிரமை’ என்ற பேச்சு கிளம்பிவிட்டது. “நான் என்ன பொய்யா சொல்றேன்? நீயே சொல்லுடா” என்று அவர் கேட்டபோது, பதில் சொல்ல என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் இல்லை.

கடத்தல் சோதனையில் அகப்படுபவை தடித்த, வேகமான இழைகள் மட்டுமே. அவை நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் செய்தி கடத்துகின்றன. வலியையும் சூடு குளிர்ச்சியையும் கொண்டுசெல்பவை வேறு: மயலின் என்ற கொழுப்பு உறை மெலிந்த ஏ-டெல்டா இழைகளும், உறையே இல்லாத சி இழைகளும். சி இழையின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டருக்குள்தான். சோதனையின் மின்முனைகள் பதிவு செய்யும் அலையில் இவற்றின் பங்கு தெரியவே தெரியாது. ஆகவே ‘எல்லாம் சீர்’ என்ற அந்த முடிவு இந்த இழைகளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. நாம் ஆக்கும் சொல் இந்த இருவகைப் பிரிவைக் கேட்டவுடனே காட்டவேண்டும் என்பது என் முதல் எதிர்பார்ப்பு.

‘நுண்’ அதைக் காட்டாது. நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கே அந்த முன்னொட்டைப் பழக்கிவிட்டோம். தடித்த நரம்பிழையும் 20 மைக்ரோமீட்டரைத் தாண்டுவதில்லை, அதுவும் தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. இரண்டுமே நுண்ணியவை என்றால் ஒன்றை மட்டும் எப்படி நுண்ணிழை என்பது? போதாக்குறைக்கு, நீரிழிவில் கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இரத்தக்குழாய்ச் சிக்கலை ‘நுண்குழல் நோய்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இரண்டும் ஒரே கையேட்டில் வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார்.

‘மெல்லிழை’ நல்ல சொல், இனிமையானதும்கூட. ஆனால் ஏ-டெல்டாவை விளக்கும்போது ‘மெல்லிய உறை’ என்று சொல்லியாகவேண்டும். உடனே மெல்லிழை என்றால் அது மட்டும்தான் என்ற எண்ணம் வந்துவிடும், உறையில்லாத சி வெளியே நின்றுவிடும்.

> ‘சிறு’ என்றால் நீளம் குறைவு என்று நினைக்கமாட்டார்களா?

முந்தைய மடலில் வந்த இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் சிறுகுடலை எண்ணிப் பாருங்கள். பெருங்குடலைவிட அது பல மடங்கு நீளம், உள்விட்டம்தான் குறைவு. தமிழ் உடற்கூறியலில் ‘சிறு’வும் ‘பெரு’வும் பருமனையே குறிக்கின்றன, அதை யாரும் தவறாகப் புரிந்துகொண்டதில்லை. இங்கும் அதே நிலைமை. கால் விரல் நுனியிலிருந்து இடுப்புவரை போகும் சி இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், பருமனில்தான் சிறியது. சிறுநரம்பிழை என்றால் எதிரிணையாகப் பெருநரம்பிழையும் தானாகவே கிடைத்துவிடும். ‘பெருநரம்பிழைகள் நலம், சிறுநரம்பிழைகள் நலிந்துள்ளன’ என்ற ஒற்றை வரியில் பெரியப்பாவின் அறிக்கையையே எழுதிவிடலாம்.

நார் என்றால் இன்று எல்லோருக்கும் நார்ச்சத்துதான் நினைவுக்கு வருகிறது. மருத்துவத்தில் தசைநார் வேறு இருக்கிறது. இழை போதும்.

அடுத்து நலிவு. நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லை விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டு, அதற்கு என்னென்னவோ பொருள் ஏற்றிவிட்டார்கள், அதை நாம் தொடவே கூடாது. ‘நரம்பியல் கோளாறு’ என்றால் வலிப்பும் பக்கவாதமும்கூட அதற்குள் வந்துவிடும். ‘சிதைவு’ என்பதை ஏற்கத் தயங்குவது, நோயாளியின் காதில் அது தீர்ப்பாக விழும் என்பதால். முன்நீரிழிவு நிலையில் இருந்தவர்கள் உணவையும் உடற்பயிற்சியையும் திருத்திக்கொண்டபின், தோலில் இந்த இழைகள் ஓரளவு மீண்டும் வளர்ந்ததை 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மீள வழியிருப்பதைச் சிதைவு என்று ஏன் முடித்துவைக்கவேண்டும்? நலிந்தது தேறலாம் என்பது தமிழ்க் காதுக்குத் தெரியும்.

இந்த இழைகள் குறைந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் தோல் ஆய்வு பற்றியும் சொல்லவேண்டும், அங்கேயும் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. கணுக்காலின் வெளி எலும்புக்கு 10 சென்டிமீட்டர் மேலே, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துணுக்கு எடுப்பார்கள். பிஜிபி 9.5 என்ற நரம்புப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளால் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், கீழ்த்தோலிலிருந்து மெல்லிய கோடுகள், மேல்தோலையும் கீழ்த்தோலையும் பிரிக்கும் எல்லைப்படலத்தைத் துளைத்து மேலேறுவது தெரியும். அந்த எல்லையைத் தாண்டுவதை மட்டுமே எண்ணவேண்டும், மேலே போய்க் கிளை பிரிந்தாலும் கணக்கில் ஒன்றுதான். எண்ணிக்கையை வெட்டுத்துண்டின் மில்லிமீட்டர் நீளத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள், வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவோடு ஒப்பிடுவார்கள். இதற்கு ‘மேல்தோல் நரம்பிழை அடர்த்தி’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘தோல் நரம்பு அடர்த்தி’ என்று சுருக்கினால் கீழ்த்தோலும் சேர்ந்துவிடும்.

நோயறிதலின் மூன்று படிகளுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை என்பேன். 2010-இல் டொராண்டோ நிபுணர் குழு வகுத்தபடி, எரிச்சல் போன்ற அறிகுறிகளோ, ஊசிமுனையும் சூடும் சரியாக உணரப்படாத நிலையோ பாதத்தில் தொடங்கினால் ‘இருக்கலாம்’. அறிகுறி, பரிசோதனை இரண்டும் பொருந்தி, கெண்டைக்கால் நரம்பின் கடத்தலும் சீராக இருந்தால் ‘பெரும்பாலும் உண்டு’. அதற்குமேல் இழை அடர்த்தி குறைந்தோ, பாதத்தில் வெப்ப உணர்வெல்லை (சூடோ குளிர்ச்சியோ தெரியத் தொடங்கும் அளவு) பிறழ்ந்தோ இருந்தால் ‘உறுதி’. பேச்சுத் தமிழிலேயே படிகள் தெளிவாக நிற்கின்றன. நீரிழிவில் பெருநரம்பிழைகளும் சேர்ந்து நலிவது உண்டு, அப்படிப்பட்டவருக்கு இந்தப் படிகள் அப்படியே பொருந்தா. அதைக் குறிப்பில் சேர்த்துவிடுவோம்.

இன்னும் ஒன்றுதான் எனக்குத் தீரவில்லை. போர்வை பட்டாலே வலிக்கிறதே, அதற்கு ‘தொடுவலி’ என்று எழுதிவருகிறேன். அழுத்தித் தொட்டுப் பார்க்கும்போது தெரியும் சாதாரண வலியும் அதே பெயரில் வந்துவிடுமோ என்று ஐயமாக இருக்கிறது. வலிக்கவே கூடாத தொடுகை வலிப்பதைக் குறிக்க இதைவிடத் துல்லியமான சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டியலைத் திருத்தும்போது சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்