பைத்தான் கையேடு: ‘பார்ஸ்’ என்பதற்குத் தமிழில் எதை வைப்பது?

அனுப்புநர்: செ.ம., புதுக்கோட்டை

அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்திருக்கும் முதலாண்டு மாணவர்களுக்காகப் பைத்தான் நிரல்மொழிக் கையேடு ஒன்று தயாரித்து வருகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மாறி, மடக்கு, செயற்கூறு எல்லாம் முடிந்தன. எக்ஸ்எம்எல் (தரவைக் குறிச்சொற்களுக்குள் பொதிந்து எழுதும் கோப்பு வடிவம்) இயலில் வேலை நின்றுவிட்டது.

எனக்கு வேண்டியவை இரண்டு வினைச்சொற்கள். எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்து அதன் அமைப்பைக் கண்டறிவதற்கு (ஆங்கிலத்தில் ‘பார்ஸ்’) ஒன்று. நிரலிலிருந்து புதிய எக்ஸ்எம்எல் கோப்பை உருவாக்குவதற்கு ஒன்று. மாணவர்கள் முதலில் கையாளப்போகும் கோப்பு இது:

<குறள் எண்="1">
  <அடி>அகர முதல எழுத்தெல்லாம் ஆதி</அடி>
  <அடி>பகவன் முதற்றே உலகு</அடி>
</குறள்>

‘பார்ஸ்’ என்பதற்குக் கலைச்சொல் பட்டியல்கள் பலவற்றில் ‘பாகுபடுத்தல்’ என்று இருக்கிறது. வகுப்பில் அதைச் சொன்னேன். “பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னுதானே மேடம் சொல்லிக்கொடுத்திருக்காங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. சாதிப் பாகுபாடு, ஆண் பெண் பாகுபாடு என்றுதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்திருக்கிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

செ.ம.

---

அனுப்புநர்: கு.ந., தஞ்சாவூர்

அன்புச் சகோதரிக்கு,

‘பார்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லே இலக்கண வகுப்பில் பிறந்ததுதான். பகுதி எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அதற்கு மூலம். ஒரு சொல்லைக் காட்டி, இது வாக்கியத்தின் எவ்வுறுப்பு என்று மாணவனைக் கேட்கும் பயிற்சிக்கு அப்பெயர். கணினிக்காரர்கள் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தம் இலக்கணத்திலிருந்து எடுத்தது போல் நாம் நம் யாப்பிலிருந்து எடுக்கலாம். என் பரிந்துரை ‘அலகிடுதல்’, அதாவது செய்யுளை அசை, சீர் எனப் பிரித்து ஆராய்தல்.

தாங்கள் காட்டிய குறளையே அலகிட்டுப் பாருங்கள். அகர, நிரை நேர், புளிமா. முதல, புளிமா. எழுத்தெல்லாம், நிரை நேர் நேர், புளிமாங்காய். ஆதி, தேமா. பகவன், புளிமா. முதற்றே, புளிமா. உலகு, பிறப்பு. இங்கே வேலை வெட்டுவதோடு முடியவில்லை. எழுத்திலிருந்து அசை, அசையிலிருந்து சீர், சீருக்கும் சீருக்கும் இடையே தளை, இறுதியில் இது வெண்பா என்னும் தீர்ப்பு. காய்ச்சீராகிய ‘எழுத்தெல்லாம்’ என்பதன்பின் நேரசை வர வேண்டும், ‘ஆதி’ வருகிறது. நிரையசை வந்திருந்தால் தளை தட்டும், வெண்பா கெடும். பார்ஸ் செய்யும் நிரலாகிய உங்கள் பார்சரும் அமைப்புத் தவறிய இடத்தில் பிழை காட்டி நிற்கும் என்று கேள்வி. இதைவிடப் பொருத்தமான சொல் எம்மொழியிலும் கிடைப்பது அரிது.

உருவாக்குவதற்கு ‘யாத்தல்’. யாப்பு என்றாலே கட்டு. அலகிடுதல், யாத்தல் இரண்டும் ஒரே இலக்கணத்தின் இரு கைகள்.

கு.ந.

---

அனுப்புநர்: வே., பெங்களூரு

ஐயாவுக்கு வணக்கம். பார்சர் செய்யும் வேலையை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெறுமனே வெட்டுவது பார்சிங் அல்ல என்பதை அழுத்தமாக ஒப்புக்கொள்கிறேன். ‘பிரித்தல்’, ‘கூறுபோடுதல்’ என்று யாராவது எழுத வந்தால் ஐயாவின் மடலையே காட்டலாம். 1998-இல் வந்த முதல் எக்ஸ்எம்எல் பரிந்துரையே, குறிச்சொற்கள் சரியாக மூடப்படாத கோப்பைப் பார்சர் ஏற்கக் கூடாது என்று கறாராகச் சொல்கிறது. வலைப்பக்க வடிவமான எச்டிஎம்எல்லில் உலாவி எதையாவது ஊகித்துச் சமாளித்துக்கொள்ளும். இங்கே அந்தச் சலுகை இல்லை.

ஆனாலும் அலகிடுதல் வேண்டாம். ‘ஸ்கேன்’ என்பதற்குப் பலரும் ஏற்கெனவே ‘அலகிடு’ என்று எழுதுகிறார்கள். நிரலைக் கணினிக்குரிய மொழிக்கு மாற்றும் கம்பைலர் பற்றிய பாடத்திலோ ஸ்கேன் செய்வது முதல் கட்டம், பார்ஸ் செய்வது அடுத்த கட்டம். இந்த மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் அந்தப் பாடத்தைப் படிக்கும்போது ஒரே சொல் இரண்டு படிகளுக்கும் நிற்கும். அலகு என்றால் இயற்பியலில் மீட்டரும் கிலோவும் வேறு.

என் பரிந்துரை நேரடியாக ‘பார்ஸ் செய்தல்’. கோப்பில் ஒரு மூடும் குறிச்சொல் விட்டுப்போனால் திரையில் வரப்போவது ‘பார்ஸ் எரர்’ என்ற செய்திதான். அதைப் பார்த்ததும் மாணவிக்குப் புரிய வேண்டும். நேர்முகத் தேர்விலும் அந்தச் சொல்லைத்தான் கேட்பார்கள்.

செ.ம. அவர்களுக்கு, சொல் எதுவானாலும் இயலில் ஒரு குறிப்புச் சேருங்கள். பைத்தானில் எக்ஸ்எம்எல்லைக் கையாளும் எலிமென்ட் ட்ரீ தொகுதியில், எக்ஸ்எம்எல்லை எழுதித் தரும் டூஸ்ட்ரிங் செயற்கூற்றை அப்படியே அழைத்தால் அது தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத ஆஸ்கி குறியாக்கத்தில் எழுதும். ‘அ’ என்ற எழுத்து &#2949; என்று வந்து நிற்கும். தமிழ் அழிந்துவிட்டது என்று பிள்ளைகள் பதறுவார்கள். அழிவதில்லை, திரும்பப் படித்தால் ‘அ’ வந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிய யூடிஎப்-8 என்றோ யூனிகோட் என்றோ குறியாக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

வே.

---

அனுப்புநர்: சி.த., யாழ்ப்பாணம்

எல்லோருக்கும் வணக்கம்.

பாகுபாடு என்ற சொல்லில் அங்கே இருக்கிற கசப்பு எங்களுக்கு அவ்வளவாக இல்லை. உயிரியலில் அங்கிகளின் பாகுபாடு என்று படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். நீங்கள் வகைப்பாடு என்று சொல்வதை நாங்கள் அப்படிச் சொல்கிறோம். அதனால் பாகுபடுத்தலை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் இன்னொரு சிக்கல் அங்கே இருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு அது வகைப்படுத்தல் என்றுதான் விளங்கும். தரவுகளை வகை பிரிப்பதும் கணினிப் பாடத்தில் தனியாக வரும் என்பதால் குழம்பக்கூடும்.

‘பகுத்தறிதல்’ என்று வைத்தால் என்ன? பகுத்து, அதன் பிறகு அறிதல். வெட்டுவது மட்டும் போதாது என்று வே. தம்பி சொன்னதற்கு, இரண்டும் அதில் இருக்கின்றன. பார்சருக்குப் ‘பகுத்தறிவி’.

பார்ஸ் என்றே எழுதிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஆசிரியர்கள் பலருக்கு ஆங்கிலப் பயிற்சி குறைவு. கிராமத்துப் பாடசாலையில் ‘பார்ஸ்’ ஓர் ஒலி மட்டும்தான். அது என்ன செய்கிறது என்பதற்கு அந்த ஒலியில் ஒரு குறிப்பும் இல்லை.

சி.த.

---

அனுப்புநர்: பா.எ., சென்னை

பகுத்தறிதல் பொருளளவில் மிகப் பொருத்தம். தமிழ்நாட்டில் மட்டும் வேலைக்கு ஆகாது. ‘பகுத்தறிவு’ என்றதும் இங்கே பெரியார் நினைவுக்கு வருவார். ‘இந்தக் கோப்பைப் பகுத்தறிக’ என்று பயிற்சி வினா கொடுத்தால் வகுப்பு வேறு விவாதத்துக்குப் போய்விடும். ஒரு சொல் ஓர் இயக்கத்தின் கொடியாகிவிட்டால் அதைக் கருவிப்பெயராக இறக்குவது கடினம்.

பா.எ.

---

அனுப்புநர்: கு.ந., தஞ்சாவூர்

பகு என்னும் வேரை எல்லோரும் சுற்றி வருவதால் ஒரு சொல். படு, பாடு ஆவது போல, சுடு, சூடு ஆவது போல, பகு நீண்டு பாகு ஆகும்; முதனிலை திரிந்த தொழிற்பெயர். பகுதி, பகல், பங்கு, பக்கம், பகிர்வு எல்லாம் இவ்வேரின் கிளைகளே. பொழுதைப் பகுப்பது பகல். இங்கே எடுத்துக்காட்டாக வைத்த குறளிலேயே ‘பகவன்’ இருப்பது கவனிக்கத்தக்கது. அதுவும் பகு என்பதிலிருந்து வந்ததே என்று உறுதியாகச் சொல்வேன்.

கு.ந.

---

அனுப்புநர்: பா.எ., சென்னை

ஐயா, பகவன் வடசொல் என்று கொள்வோரும் பலர். வடமொழியிலும் அதன் வேர் பங்கு, பேறு என்ற பொருளோடுதான் வருகிறது. அந்த வழக்கு நம் தலைமுறையில் தீராது. அச்சகத் தேதி வெள்ளிக்கிழமை.

பா.எ.

---

அனுப்புநர்: கு.ந., தஞ்சாவூர்

வழக்கை ஒத்திவைக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று என் பேரன் எக்ஸ்எம்எல் படிக்கும் முறைகள் இரண்டு என்று விளக்கினான். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் மரமாக நிறுத்துவது ஒன்று. திரும்பிப் பாராமல் வருவதை வந்தபடி படித்துக்கொண்டே போவது மற்றொன்று. அதற்கு சாக்ஸ் என்று பெயராம். பின்னதைக் கேட்டதும் யாற்றுநீர்ப் பொருள்கோள் நினைவுக்கு வந்தது. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோளில் முதலாவது அது. ஆற்றுநீர் போல ஒரு போக்காய், திரும்பாமல், பொருள் கொள்வது.

இன்னும் வியப்பு, விற்பூட்டு. செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் வில்லின் இரு முனையும் நாணால் பூட்டப்பட்டது போல் இணைந்து பொருள் தருவது. <குறள்> என்று திறந்து </குறள்> என்று மூடுவது அதுவே. திறக்கும் குறிக்கும் மூடும் குறிக்கும் ‘பூட்டு’ என்றே பெயர் வைக்கலாம். கோப்பைப் படிப்பதற்குப் ‘பொருள்கோள்’ என்றே சொல்லிவிடலாம்!

கு.ந.

---

அனுப்புநர்: வே., பெங்களூரு

யாற்றுநீர் எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தரவும் எக்ஸ்எம்எல் கோப்பாகத்தான் கிடைக்கிறது. மடிக்கணினியில் அதை மொத்தமாக மரமாக்கினால் நினைவகம் திணறும், ஆற்றோட்டமாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் ‘பொருள்கோள்’ முழு வேலைக்கும் பெயராகாது. பார்சர் பொருளைத் தொடுவதே இல்லை. ‘அடி’ என்றால் செய்யுளின் வரியா, அடிப்பதா என்று அதற்குத் தெரியாது. அமைப்பு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இதை வைத்தே செ.ம. அவர்களிடம் ஒரு கேள்வி. எலிமென்ட் ட்ரீயில் ‘டெயில்’ என்று ஒன்று வருமே, அதற்கு என்ன வைத்தீர்கள்? இந்த வரியைப் பாருங்கள்:

<அடி>அகர <சீர்>முதல</சீர்> எழுத்தெல்லாம் ஆதி</அடி>

‘அகர’ அடி உறுப்பின் உரை. ‘முதல’ சீர் உறுப்பின் உரை. ‘எழுத்தெல்லாம் ஆதி’ எங்கே போகும்? அடியில் தேடினால் கிடைக்காது. அது சீர் உறுப்பின் டெயிலில் இருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சொற்களைத் தொலைப்பார்கள். ‘வால்’ என்று எழுதினால் முடிந்தது என்பேன்.

குறிச்சொற்களைத் தமிழில் வைத்திருப்பதால் இன்னொன்று. ஶ எழுத்தைக் குறிச்சொல்லில் பயன்படுத்தாதீர்கள். அந்த எழுத்து 2005-இல் யூனிகோட் 4.1-இல்தான் சேர்ந்தது. எக்ஸ்எம்எல் 1.0-இன் முதல் நான்கு பதிப்புகளும் யூனிகோட் 2.0-ஐ வைத்துப் பெயருக்கு உரிய எழுத்துகளைப் பட்டியல் போட்டுவிட்டன. அதில் ஶ இல்லை. 2008-இல் வந்த ஐந்தாம் பதிப்பு கதவைத் திறந்தது. ஆனால் பைத்தானுக்குள் இருக்கும் எக்ஸ்பாட் என்ற பார்சர் இன்னும் பழைய பட்டியலைத்தான் பார்க்கிறது. <ஶ்ரீ> பிழை தரும். <ஸ்ரீ> போகும். குறிச்சொல்லுக்கு உள்ளே வரும் உரையில் ஶ எங்கு வந்தாலும் தடையில்லை.

வே.

---

அனுப்புநர்: சி.த., யாழ்ப்பாணம்

வால் சரி. ‘எச்சம்’ இன்னும் சரி. சொல்ல வேண்டியதில் எஞ்சி நிற்பது.

---

அனுப்புநர்: செ.ம., புதுக்கோட்டை

அனைவருக்கும் நன்றி.

வந்த சொற்களையெல்லாம் பலகையில் எழுதி, எந்தச் சொல்லைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது என மாணவர்களைக் கேட்டேன். அலகிடுதல் என்றதும் ஸ்கேன் செய்வது போலக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார்கள். தமிழ் இலக்கியம் படிக்கும் ஒருத்தி மட்டும், அவள் தோழியைப் பார்க்க வந்திருந்தாள், குறளை அசை பிரித்துக் காட்டினாள். யாத்தல் யாருக்கும் தெரியவில்லை. பகுத்தறிதலுக்கு, பா.எ. சொன்னதுதான் நடந்தது. பாகுபடுத்தலுக்கு மறுபடி முகம் சுளித்தார்கள். ‘பகுத்துப் படித்தல்’ என்று நானாகச் சேர்த்து எழுதியதைப் பார்த்து, “பிரிச்சுப் பார்த்துப் புரிஞ்சுக்கிறது” என்றான் ஒரு பையன். அவன் தந்தை கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறார். எக்ஸ்எம்எல் கோப்பை டேலி இறக்குமதி செய்யும்போது இதைத்தானே செய்கிறது என்று அவனே கேட்டான்.

ஆகவே கையேட்டில்: பார்ஸ் செய்தல், பகுத்துப் படித்தல். பார்சர், பகுப்பி. எக்ஸ்எம்எல் உருவாக்குதல், கட்டி எழுதுதல். முதன்முறை வரும் இடத்தில் ‘பார்ஸ்’ என்ற ஒலிப்பையும் சேர்த்துத் தருகிறேன். பிழைச் செய்தியில் அவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். டெயிலுக்கு வால். எச்சம் என்றால் பெயரெச்சம், வினையெச்சத்துக்குப் போய்விடுகிறார்கள்.

செ.ம.

---

அனுப்புநர்: பா.எ., சென்னை

எனக்குச் சம்மதம். இன்னும் இரண்டு பேர் தனிமடலில் சரி என்றார்கள். மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ‘பகுப்பி’ கத்தரி, துருவி, பாக்குவெட்டி வரிசையில் இயல்பாக உட்காருகிறது.

பா.எ.

---

அனுப்புநர்: கு.ந., தஞ்சாவூர்

சகோதரி, கையேட்டுக்கு என் வாழ்த்து. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘பகுத்துப் படித்தல்’ விளக்கம்; கலைச்சொல் ஆகாது. கலைச்சொல் வேறு சொற்களோடு புணர்ந்து கிளைக்க வேண்டும். நாளை ‘பார்ஸ் ட்ரீ’ வந்தால் ‘பகுத்துப் படித்த மரம்’ என்றா எழுதுவீர்கள்?

பகுபதம் போலப் ‘பகுமரம்’ என்று வினைத்தொகையாக ஆளலாம். அதற்குப் ‘பகுத்தல்’ என்று நிறுத்தினாலே போதும், ‘படித்தல்’ மிகை. அலகிடுதலை நான் கைவிடவில்லை. ‘ஸ்கேன்’ என்பதற்கு ‘வருடுதல்’ இருக்கிறது. வருடி என்று ஸ்கேனரைச் சொல்கிறோமே. அலகிடுதலை அங்கிருந்து மீட்டு உரிய இடத்தில் வைக்க வேண்டும்.

கு.ந.

---

அனுப்புநர்: செ.ம., புதுக்கோட்டை

பகுமரம் மிக நன்று ஐயா. மரத்தின் படம் வரும் பக்கத்தில் அதைச் சேர்த்துவிட்டேன். மற்றவற்றை இரண்டாம் பதிப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

---

அனுப்புநர்: சி.த., யாழ்ப்பாணம்

இரண்டாம் பதிப்பு என்றால் ‘பகுத்தறிவி’யையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் கட்சி கிடையாது.