செல்ஃப் டிரைவ் கார்: திருப்பிக் கொடுத்த பிறகு வரும் "டேமேஜ்" பில், டாக்ஸி ஆப்பில் ஏறும் தொகை. என்ன செய்யலாம்?

தாம்பரம்வாசி:

வணக்கம். அடுத்த மாதம் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மூன்று நாள் செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போகிறோம். ஹேட்ச்பேக், டெபாசிட் 5,000 ரூபாய். வண்டியை விட்டுவிட்டு வந்த நாலாம் நாள் "பம்பர் கீறல், கிளட்ச் போய்விட்டது, அபராதம்" என்று பில் போட்டு டெபாசிட்டைப் பிடித்துக்கொள்வது நிறைய நடக்கிறது என்கிறார்கள். எடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? பில் வந்தால் என்ன கேட்பது? டாக்ஸி ஆப்பிலும் காட்டும் தொகை ஒன்று, கேட்கும் தொகை ஒன்றாக இருக்கிறது. அதற்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:

முதலில் நம்பர் பிளேட். செல்ஃப் டிரைவ் வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. அதை வாடகைக்கு எடுத்து எங்காவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்க அந்த ஒரு காரணம் போதும். மொத்தச் செலவும் உங்கள் தலையில் விழும். வாடகை குறைவு என்பதற்காக அதில் கை வைக்காதீர்கள்.

வண்டியை எடுக்கும்போது தனித்தனிப் படங்களைவிட வெட்டாத ஒரே வீடியோதான் பலம். முன் நம்பர் பிளேட்டில் தொடங்கி ஒரு சுற்று வந்து அதே பிளேட்டில் முடியுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஆகும், அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். சண்டை வருவது பெரும்பாலும் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இடங்களில்தான்: முன் பம்பரின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, நான்கு வீல் ரிம், டயரின் பக்கச் சுவர். குந்தி உட்கார்ந்து எடுக்க வேண்டும். டயர் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் அந்த வண்டியே வேண்டாம், வேறு கேளுங்கள். கண்ணாடியில் கல் பட்ட புள்ளி இருந்தால் விரலை வைத்துக் காட்டி எடுங்கள். நெடுஞ்சாலையில் அது விரிசலாக ஓடும், ஓடிய பிறகு நீங்கள்தான் காரணம் என்பார்கள்.

வண்டியைத் தண்ணீர் சொட்டக் கழுவி நிறுத்தியிருந்தால் துணியால் துடைத்த பிறகே படம் எடுங்கள். ஈரத்தில் மெல்லிய கீறல் மறைந்துவிடும், காய்ந்ததும் எழுந்து வரும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கொடுத்தால் செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது.

உள்ளே இக்னிஷன் போட்டு மீட்டரை ஒரு படம்: கிலோமீட்டர், பெட்ரோல் கோடு, எரியும் வார்னிங் லைட் மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கி காணவில்லை என்று கழித்துக்கொள்வதும் உண்டு.

இனி கிளட்ச். மலை ஏறப் போவதால் இதைக் கவனமாகப் படியுங்கள். வண்டி எடுத்ததும் காலிச் சாலையில் நான்காம் கியரில் 40 வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது. உடனே திரும்பி வந்து மாற்றிக் கேளுங்கள். அந்த கிளட்ச் வத்தலகுண்டு தாண்டி மலைப்பாதையில் உங்கள் கையில்தான் போகும். ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் அரை கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

அதையும் மீறி கிளட்ச் பில் வந்தால் கழற்றிய பாகத்தின் படத்தைக் கேளுங்கள். தப்பாக ஓட்டிக் கருகியிருந்தால் பிரஷர் பிளேட்டில் (கிளட்ச் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டு) நீலச் சூட்டுக் கறையும், டிஸ்க் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பும் இருக்கும். டிஸ்க்கின் உராய்வுப் பட்டையான லைனிங் வெறுமனே மெலிந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி தெரிந்தால் அது பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய தேய்மானம். மூன்று நாளில் அப்படி ஆகாது.

கணக்கர்:

ஸ்பேனர் வண்டியைச் சொல்லிவிட்டார், நான் பணத்தைச் சொல்கிறேன்.

வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதில் போகும்போது ஃபைல் சுருங்கும், எடுத்த நேரம், இடம் பற்றிய விவரமும் உதிர்ந்துவிடும். மூல ஃபைல் போனிலேயே இருக்கட்டும், ஒரு பிரதி கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். வாடகை ஆப் படம் கேட்டால் அதிலும் போடுங்கள், அங்கே அவர்கள் நேரமே பதிவாகும்.

இந்தியாவில் கார்டில் ஆன்லைனாகப் பணம் எடுக்க ஓடிபி மாதிரி உங்கள் சரிபார்ப்பு வேண்டும். அதனால் பின்னால் பில் போட்டு இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது. டெபாசிட்டை முன்கூட்டியே வாங்கி வைப்பது இதற்காகத்தான். ஆனால் ஆட்டோபே ஒப்புதல் கொடுத்திருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்ட வரம்புக்குள் 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே எடுக்கலாம். புக்கிங் நேரத்தில் அந்தத் திரையைப் படிக்காமல் தட்டாதீர்கள்; பயணம் முடிந்து கணக்கு தீர்ந்ததும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். டெபாசிட்டை கிரெடிட் கார்டில் கட்டுவது நல்லது, தகராறு வந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்க வழி இருக்கும். பைக்கையும் ஆர்சி புக்கையும் அடமானமாக விடச் சொல்லும் இடத்தில் எடுக்கவே வேண்டாம்.

ஃபாஸ்டேக் விஷயம். வண்டியில் இருக்கும் டேக் அவர்களுடையது, எஸ்எம்எஸ் அவர்கள் போனுக்குத்தான் போகும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று நீங்கள் கடக்கும் சுங்கச்சாவடிகளை நேரத்தோடு குறித்து வையுங்கள். கடைசியில் ஒரே மொத்தத் தொகையாகச் சொன்னால் ஏற்காமல் டேக் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். டேக்கில் பணம் இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும் (2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐக்கு 1.25 மடங்கு). அந்தக் கூடுதல் யார் பொறுப்பு என்று கிளம்பும் முன்பே மெசேஜில் எழுதி வாங்குங்கள்.

அபராதம் என்றால் சலான் எண் கேளுங்கள். மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் தேதி, நேரம், இடம் வரும். உங்கள் வாடகை நேரத்துக்கு வெளியே இருந்தால் அது அடுத்தவர் அபராதம். சலான் எண் தர மறுத்தால் கட்டாதீர்கள்.

இன்னொன்று: கொடைக்கானலுக்குள் நுழைய ஆன்லைனில் வாங்கும் அனுமதியான இ-பாஸை வண்டி எண்ணுக்குத்தான் எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் வேறு வண்டி கொடுத்தால் புதிதாக எடுங்கள்.

மீட்டர்_போடுங்க:

டாக்ஸி பக்கம் சுருக்கமா சொல்றேங்க. புக் பண்ணும் முன்னாடி தொகை காட்டுற திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, இறங்கினதும் டிரிப் முடிஞ்ச திரையை எடுங்க. டிரைவர் டிரிப்பை முடிக்காம கிளம்பிட்டா கிலோமீட்டர் ஏறிக்கிட்டே இருக்கும், அதனால முடிச்சதைப் பார்த்துட்டுத்தான் நகரணும். போகாத டோலுக்குக் காசு சேர்ந்திருந்தா பில்லுல இருக்கிற ரூட் மேப்போட புகார் போடுங்க, இந்த வகை சீக்கிரம் திரும்பி வரும். சீட் அழுக்குன்னு கிளீனிங் சார்ஜ் போடுறதைத் தடுக்க, இறங்கும்போது பின் சீட்டை ஒரு படம்.

ஆட்டோ வேற கணக்கு. ஊபர் 2025 பிப்ரவரியில ஆட்டோவை, டிரைவர்கிட்ட கமிஷனுக்குப் பதிலா சந்தா வாங்குற முறைக்கு மாத்திடுச்சு. ஆப் காட்டுறது ஒரு பரிந்துரைத் தொகைதான், காசு நேரா டிரைவருக்குப் போகுது. தொகைச் சண்டைக்கு ஆப் பொறுப்பேத்துக்காது. ஏறும் முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

பீக் நேரத்துல அடிப்படைக் கட்டணத்துக்கு 2 மடங்கு வரைன்னு மத்திய அரசோட 2025 ஜூலை வழிகாட்டுதல் சொல்லுது, 2020ல இது 1.5 மடங்கா இருந்துச்சு. ஆனா மாநிலம் ஏத்துக்கிட்டு அறிவிச்சாத்தான் அது கட்டாயம். புகார்ல அதை மட்டுமே நம்பி எழுதாதீங்க. ரீஃபண்டை கூப்பனா தந்தா வாங்காதீங்க, வங்கிக் கணக்குல கேளுங்க. 2024 அக்டோபர்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு இதையே உத்தரவா போட்டிருக்கு: எதுல வேணும்னு பயணிதான் சொல்லணும்.

தாம்பரம்வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரே சந்தேகம்: இவ்வளவும் செய்த பிறகும் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டு போனையும் எடுக்காவிட்டால்?

வழக்காடு:

போனில் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். எல்லாம் மின்னஞ்சலில். ஆப் வழியாகச் சேவை தரும் நிறுவனம் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது 2020 மின்வணிக விதி. அந்த அதிகாரிக்கு இப்படி எழுதுங்கள், கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம்:

"வண்டி எண் ___, எடுத்த நேரம் ___, விட்ட நேரம் ___. பிடித்த தொகை ___. கீழ்க்கண்டவற்றை 7 நாளுக்குள் அனுப்பவும்: எனக்கு முன்பும் பின்பும் எடுத்த, நேரம் பதிவான படங்கள்; வொர்க்ஷாப் ஜாப் கார்டு (செய்த வேலையின் பதிவு); ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீது; இதே சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போடப்பட்டதா என்ற விவரம். என் வீடியோ இணைப்பில் உள்ளது."

எஸ்டிமேட் அனுப்பினால் போதாது என்று பதில் போடுங்கள். எஸ்டிமேட் என்பது உத்தேசம், செலவழித்ததற்குச் சாட்சி ரசீதுதான். இன்சூரன்ஸ் கேள்வியை விடாதீர்கள். கம்பெனியிடமும் வாங்கி உங்களிடமும் வாங்கினால் அது இரட்டை வசூல். "லேட்டானால் 5,000" மாதிரி ஒப்பந்த அபராதங்களுக்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவைச் சுட்டுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும்.

பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அது நீதிமன்றம் இல்லை, புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசித் தீர்க்கும். கார்டில் கட்டியிருந்தால் அதே நேரத்தில் வங்கியிலும் டிஸ்ப்யூட் போடுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு, காத்திருக்காதீர்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனாக. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டெபாசிட்டோடு வழக்குச் செலவையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

வண்டியை விடும் நேரத்தைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து பார்த்தால் "சேதம் இல்லை" என்று ஒரு மெசேஜ் அங்கேயே வாங்குங்கள். ஆள் வராமல் சாவியைப் பெட்டியில் போடச் சொன்னால், எடுத்தபோது எடுத்த அதே வரிசையில் வீடியோ எடுத்து, கடைசியாகப் போட்ட பெட்ரோல் பில்லையும் மீட்டரையும் அதிலேயே காட்டி, அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.