1966 பிளிமத் வேலியன்ட்: இடது முன் சக்கரத்தில் முறிந்த வீல் ஸ்டட்கள்

ஓஹையோ_வேலியன்ட்:
வணக்கம். என்னிடம் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ள 1966ஆம் ஆண்டு பிளிமத் வேலியன்ட் இருக்கிறது. சென்ற வாரம் டயர் மாற்றக் கொடுத்த இடத்தில், இடது முன் சக்கரத்தின் நட்டுகள் இறுகிவிட்டன என்று எண்ணி ஏர் கன்னால் விடாமல் முடுக்கியதில் இரண்டு ஸ்டட்கள் (சக்கர நட்டுகள் ஏறும் மரைத் தண்டுகள்) முறிந்தன. மூன்றாவதன் மரை பாதி நீளத்திற்குச் சிதைந்துவிட்டது. வலப்பக்க நட்டுகளோ எளிதாகக் கழன்றன. எஞ்சிய ஸ்டட்களின் நுனியில் ‘எல்’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருப்பதை அதன் பிறகே கவனித்தேன். முறிந்த துண்டுகளைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றலாமா? சிதைந்த மரையை டையால் (மரை வெட்டும் கருவியால்) மறுபடி வெட்டினால் போதுமா? வண்டியை ஓட்டாமல் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

லேத்_பட்டறை:
அந்த ‘எல்’ இடதுமரையைக் குறிக்கிறது, அதாவது வழக்கத்துக்கு மாறாக நட்டைக் கடிகாரத் திசையில் சுழற்றினால்தான் கழலும். ஓடும்போது நட்டுகள் தாமாகத் தளரக்கூடாது என்பதற்காக, கிரைஸ்லர் நிறுவனம் 1970 மாடல் வரை தன் கார்களின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடதுமரையையே வைத்திருந்தது. ஆகவே உங்கள் நட்டுகள் இறுகியிருக்கவில்லை. கழற்றுவதாக நினைத்து அவற்றை மேலும் முடுக்கியிருக்கிறார்கள்.

சுத்தியலால் தட்ட வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் முன் சக்கரத்தில் ஹப்பும் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) பிரேக் டிரம்மும் தனித்தனித் துண்டுகள் என்றாலும், ஸ்டட்டின் தோள்பகுதியை டிரம்மின் முகப்பின்மேல் விரித்து நசுக்கி, ரிவெட் அடித்ததுபோல் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்திருக்கிறார்கள். விரிந்த அந்த வளையத்தை வெட்டி எடுக்காமல் ஸ்டட்டைப் பின்னுக்குத் தள்ளினால், அது ஹப்பின் துளையை அகலப்படுத்திக்கொண்டே வெளியேறும். பிறகு புதிய ஸ்டட்டின் பற்கள் அங்கே பிடிக்காமல், நட்டை முடுக்கும்போது ஸ்டட்டும் கூடவே சுழலும். அப்படிக் கெட்ட ஹப்பில் ஸ்டட்டின் தலையை வெல்டிங் செய்து ஒட்டும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். கடினப்படுத்திய எஃகை அந்தச் சூடு கெடுத்துவிடும் என்பதால் உயிருக்கு அஞ்சுபவர் அதைச் செய்யக்கூடாது.

ஹப்பைக் கழற்றி, ஸ்டட்டின்மேல் செருகிச் சுழற்றும் குழாய் வடிவக் கட்டரால் வளையத்தை வெட்டுங்கள். முறிந்தவற்றில் கட்டரைத் தாங்கத் தண்டு இல்லாததால், நடுவில் துளையிட்டு, வளையத்தைப் பொறுமையாக அரைத்தெடுக்க வேண்டும். பிறகு ஹப்பின் விளிம்பைத் துளைக்கு மிக அருகில் தாங்கிக்கொண்டு பிரஸ்ஸில் அழுத்துங்கள்.

டையால் வெட்டிய மரையை நான் நம்பமாட்டேன். அந்தச் சக்கரத்தின் ஐந்து ஸ்டட்களையும் மாற்றிவிடுங்கள். முறியாமல் நிற்பவையும் அதே ஏர் கன்னின் முறுக்கைத் தாங்கி நீண்டிருக்கக்கூடும்.

ஓஹையோ_வேலியன்ட்:
மிக்க நன்றி, ஐயா. ஐந்தையும் மாற்றுகிறேன். இந்த வாய்ப்பில் வலதுமரைக்கே மாறிவிடலாமா?

பழைய_மோப்பார்:
மாறலாம், நட்டின் கூம்பு முகம் சக்கரத்தின் குழியில் சரியாக அமர்ந்து, போதிய முறுக்கும் இருந்தால் வலதுமரை இடப்பக்கத்திலும் தளராது. ஆனால் மாறுவதாக இருந்தால் இடப்பக்கத்தின் இரு சக்கரங்களையும் ஒரே நாளில் மாற்றுங்கள். முன்னே வலதுமரை, பின்னே இடதுமரை என்று கலந்து வைத்த வண்டியில்தான் அடுத்த ஸ்டட் முறியும். பின் ஆக்சில் உங்களுக்குச் சுமையாக இருக்காது. 1965 முதல் டிரம் தனியாகக் கழன்று வரும். என் வண்டியில் நான் இடதுமரையையே காத்து வருகிறேன், அதைத் தொடுபவர் எவராயினும் அவரிடம் முதலில் நானே சொல்லிவிடுவேன் என்பதால்.

புதிய ஸ்டட் வாங்கும்போது 7/16 அங்குலம், அங்குலத்திற்கு 20 மரை என்பதோடு நிறைவடையாதீர்கள். பற்கள் உள்ள பகுதியின் விட்டத்தையும் தோளின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நிகழ்கின்றன. நட்டை முடுக்கி ஸ்டட்டை உள்ளே இழுப்பதைவிடப் பிரஸ்ஸில் அழுத்துவது மேல், ஏனெனில் இழுக்கும்போதே மரை நீண்டுவிடலாம்.

லேத்_பட்டறை:
ஒன்றைச் சேர்க்கிறேன். வளையம் போனபின் டிரம்மைச் சக்கரமே ஹப்போடு இறுக்கிப் பிடிக்கும், அதனால் தீங்கில்லை. எனினும் டிரம்மை ஹப்பில் பொருத்திய நிலையிலேயே லேத்தில் ஓட்டிப் பாருங்கள், கோணல் இருந்தால் பிரேக் மிதி துடிக்கும். பேரிங்கிற்குப் புதிய கிரீஸ், புதிய சீல் இரண்டும் வேண்டும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கை அளந்து முடுக்கும் ஸ்பேனரால்) 55 அடி-பவுண்டுக்கு நட்சத்திர வரிசையில் முடுக்கி, ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.