ஃபுட்பால் மேனேஜர்: 5 ஸ்டார் பொட்டென்ஷியல் 3 ஆயிடுச்சு, பையனை விக்கவா வெச்சுக்கவா?

லெஃப்ட்விங்_குமரன்:
ஃபுட்பால் மேனேஜர் கம்ப்யூட்டர் கேம்ல, இங்கிலாந்தோட நாலாவது டிவிஷனான லீக் டூ-ல ஒரு டீம் எடுத்து, ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப் வரைக்கும் ஏத்திட்டேன். அகாடமியில இருந்து 16 வயசுல வந்த ஸ்ட்ரைக்கருக்கு அப்ப 5 ஸ்டார் பொட்டென்ஷியல், அதாவது எவ்வளவு தூரம் வளரலாம்ங்கிற கணிப்பு. இப்ப 19 வயசு, 3 ஸ்டார்தான் காட்டுது. பெரிய காயமும் இல்ல. பொட்டென்ஷியல் இப்படி இறங்குமா? ட்ரான்ஸ்ஃபர் விண்டோ மூடுறதுக்குள்ள முடிவெடுக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தொடுகோடு:
ஸ்டாரை நம்பி வித்துடாதீங்க நண்பா. கேமுக்குள்ள ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் 200க்கு ரெண்டு எண் மறைவா இருக்கு. ஒண்ணு இப்போதைய திறமை, சிஏ. இன்னொண்ணு அவன் தொடக்கூடிய உச்சம், பிஏ. பிஏ-வை நீங்க பார்க்கவே முடியாது. திரையில வர்ற ஸ்டார் உங்க கோச்சோட கணிப்பு, அதுவும் உங்க ஸ்குவாடோட ஒப்பிட்டு. லீக் டூ-ல 5 ஸ்டாரா தெரிஞ்சவன், சாம்பியன்ஷிப் தரத்துக்கு ஆள் எடுத்ததும் தானா இறங்குவான். கோச்சை மாத்தினாலும் ஸ்டார் மாறும். ஸ்டாஃப் பக்கத்துல பொட்டென்ஷியலைக் கணிக்கிற திறமை 20க்கு எவ்வளவுன்னு பாருங்க, 8, 9 இருக்கிறவர் சொல்றதை வெச்சு எதையும் விக்காதீங்க.

பெஞ்ச்_பாய்:
பிஏ உச்சவரம்புதான், அங்க போயே தீருவான்னு உத்தரவாதம் இல்ல. வயசு ஏற ஏற சிஏ வளரலைன்னா கோச்சும் கணிப்பைக் குறைச்சுடுவார். பையன் மேட்ச் ஆடுறானா? 18 தாண்டினா ட்ரெய்னிங் மட்டும் பத்தாது, சீனியர் மேட்ச்ல நிமிஷம் கிடைக்கணும். பர்சனாலிட்டி என்ன போட்டிருக்கு?

லெஃப்ட்விங்_குமரன்:
பெரும்பாலும் பெஞ்சுலதான் இருக்கான். பர்சனாலிட்டி 'ஸ்லாக்'னு இருக்கு. அதுல இவ்வளவு விஷயம் இருக்கா? அப்புறம், என் ஃப்ரெண்டோட சேவ்ல (அவன் ஆடிச் சேமிச்சு வெச்சிருக்கிற ஆட்டத்துல) ஒரு நிஜ ஆட்டக்காரன் உலகத்தரத்துக்குப் போயிட்டான், என் சேவ்ல அதே ஆள் சுமார். அது ஏன்?

பெஞ்ச்_பாய்:
விஷயமே அதுதான். ப்ரொஃபஷனலிசம்னு மறைவா ஒரு எண் இருக்கு, வளர்ச்சி வேகத்தை அதுதான் பெரிய அளவுல தீர்மானிக்குது. 'ஸ்லாக்'னா அது அடிமட்டம். சீனியர்களோட குணம் இளசுங்களுக்கு ஒட்டுற மென்டரிங் குரூப்ல போடுங்க. குறைஞ்சது 3 பேர் வேணும். 'மாடல் சிட்டிசன்', 'ப்ரொஃபஷனல்' மாதிரி சீனியரா, டீம்ல செல்வாக்கும் உள்ளவரா பார்த்துச் சேருங்க. பேர் மட்டும் பெரிசா இருந்து சோம்பேறியா இருக்கிற ஆளைச் சேர்த்தா பையன் இன்னும் கெட்டுப்போவான்.

தொடுகோடு:
ஃப்ரெண்ட் சேவ் விஷயம்: சில இளம் ஆட்டக்காரங்களுக்கு டேட்டாபேஸ்ல நிலையான பிஏ கிடையாது, மைனஸ் எண் இருக்கும். மைனஸ் 9-னா புது சேவ் ஆரம்பிக்கும்போது 150-க்கும் 180-க்கும் நடுவுல ஏதோ ஒண்ணு விழும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். 16 வயசுப் பையன் என்ன ஆவான்னு நிஜத்துலயும் யாராலயும் சொல்ல முடியாதே. இந்த கேமோட முன்னோடியான பழைய சாம்பியன்ஷிப் மேனேஜர்ல மில்வால் கிளப் பையன் செர்னோ சாம்பா கோலா அடிச்சுக் குவிப்பான், நிஜத்துல அந்த உயரத்துக்கு வரவே இல்ல.

கார்னர்கிக்:
இஏ எஃப்சிங்கிற இன்னொரு ஃபுட்பால் கேம் ஆடுறவங்க இதைக் குழப்பிக்காதீங்க. அங்க கரியர் மோடுல பொட்டென்ஷியலே ஆட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும், இங்க சேவ் தொடங்கினப்புறம் உச்சம் அசையாது.

தொடுகோடு:
குமரன், இப்ப விக்காதீங்க. முதல்ல மென்டரிங். பர்சனாலிட்டி கொஞ்சம் தேறினதும் மூணாவது டிவிஷனான லீக் ஒன் டீமுக்கு லோன்ல, அதாவது தற்காலிகமா அனுப்புங்க, தொடர்ந்து இறக்குவோம்னு ஒத்துக்கிற டீமாப் பார்த்து. அப்பவும் அட்ரிபியூட் (திரையில தெரியிற திறமை எண்கள்) நகரலைன்னா 21 வயசுக்குள்ள நல்ல விலைக்குக் கொடுத்துடுங்க.