பிரிண்டர் பிழை காட்டினால் முதலில் எங்கே பார்ப்பது? வீட்டு இங்க்ஜெட் அனுபவங்கள்

வீட்டு பிரிண்டர் மக்கர் பண்ணினால் நிறையப் பேர் திரையில் வந்த வாசகத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள். 'பேப்பர் ஜாம்' என்று வந்தால் பேப்பரைத் தேடுகிறார்கள், 'கார்ட்ரிட்ஜ்' என்று வந்தால் புது கார்ட்ரிட்ஜ் வாங்கக் கிளம்புகிறார்கள். அந்த வாசகம் சென்சாருக்கு என்ன தெரிந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. எது பழுது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பலருடைய பிரிண்டர்களைத் திறந்து பார்த்ததில் இது எனக்கு நன்றாக உறுதியாகிவிட்டது. நான் பார்த்ததில் இரண்டை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதினால் புதிதாக மாட்டிக்கொள்பவர்களுக்குக் கைகொடுக்கும்.

முதலாவது எதிர்வீட்டு டியூஷன் டீச்சருடையது. ஸ்விட்ச் போட்டதும் ஹெட் (தாளில் இங்கைத் தெளிக்கும் பாகம்) இடது பக்கம் வேகமாக ஓடி, சுவரில் 'டடக்' என்று இடித்து நின்றுவிடும். உடனே எல்லா விளக்கும் மின்னும். பார்க்க வந்த மெக்கானிக் சர்க்யூட் போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பரீட்சை நேரம், பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடிக்க வேண்டும். டீச்சர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார்.

அந்த 'டடக்' சத்தம்தான் துப்பு. மோட்டார் ஓடுகிறது, பெல்ட் இழுக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்பதுதான் ஹெட்டுக்குத் தெரியவில்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரியேஜுக்குப் பின்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு மெல்லிய கண்ணாடிக் காகிதம் போன்ற பட்டை தெரியும். அதுதான் என்கோடர் ஸ்ட்ரிப். அதில் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத அளவுக்கு நெருக்கமாகக் கோடுகள் இருக்கும். கேரியேஜின் முதுகில் உள்ள சென்சார் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே போய்த்தான் இடத்தைக் கணக்கிடுகிறது. டீச்சர் வீட்டுப் பட்டையின் நடுவில் விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பிரிண்டர் கிறீச்சிடுகிறதே என்று யாரோ தையல் மெஷின் எண்ணெயை விட்டிருக்கிறார்கள், அது தெறித்துப் பட்டையில் ஒட்டிக்கொண்டது. கறை இருக்கும் இடத்தில் சென்சாருக்குக் கோடு தெரியாது, கணக்கு தப்பும், ஹெட் போய் முட்டும்.

துடைப்பது சுலபம்தான், ஆனால் பொறுமை வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துப் பிழிந்து, பட்டையை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இழுத்தால் போதும். கேரியேஜைக் கையால் நகர்த்தி, அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் பகுதியையும் துடையுங்கள். அப்புறம் காய்ந்த துணியால் ஒரு தடவை. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கூடாது, கோடே அழிந்துவிடும். பட்டை பல பிரிண்டர்களில் ஒரு பக்கம் ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும். வேகமாக இழுத்தால் கழன்று வந்துவிடும். கழன்றால் மறுபடி மாட்டும்போது சென்சாரின் இடுக்குக்குள் அது நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். இடுக்குக்கு வெளியே மாட்டினால் மறுபடி அதே 'டடக்'தான்.

டீச்சருடைய பிரிண்டர் அன்றைக்கே ஓடியது. இப்போதும் ஓடுகிறது. கேனன் மாடல்களில் 5100 என்று வருவது இந்த வகை கேரியேஜ் பிழைதான். பட்டை சுத்தமாக இருந்தும் அதே பிழை வந்தால், ஹெட் போகும் பாதையில் காகிதத் துணுக்கு கிடக்கிறதா, கார்ட்ரிட்ஜ் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்டைப் பற்றி யோசிப்பது அதற்கெல்லாம் பிறகுதான்.

இரண்டாவது, தங்கை வீட்டில். 'பேப்பர் ஜாம்' என்று வருகிறது, உள்ளே ஒரு காகிதமும் இல்லை. பின்பக்கம் தாள் வைக்கும் மாடல்களில் அந்த வாய் எப்போதும் வானம் பார்த்துத் திறந்தே இருக்கும். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதற்குள் எதுவும் விழலாம். டார்ச் அடித்துப் பார்த்தால் ரோலருக்குக் கீழே ஒரு கிரேயான் துண்டு. நீளமான ட்வீசரால் எடுத்தேன். இங்கைத் தொட்டியில் ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டரைக் கவிழ்த்து மட்டும் உலுக்கிவிடாதீர்கள், இங்க் கொட்டிவிடும். வேலை இல்லாத நேரத்தில் மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள். நம் ஊர்ப் பல்லிகளுக்கும் அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

தாளே உள்ளே இழுக்கவில்லை என்றால் ரோலர் ரப்பரில் காகிதத் தூசி படிந்து வழுக்குகிறது என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மழைக்காலத்தில் தாள் கட்டைப் பிரித்துப் போட்டு வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக உள்ளே போகும்.

* * *

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் வீட்டிலும் நடந்தது, வேறு மாதிரி. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு வீடு மாற்றினோம். பிரிண்டரை எடுத்து வைத்து அடித்தால் வெள்ளைத் தாள்தான் வருகிறது. டேங்கில் இங்க் நிறைய இருக்கிறது. திரையில் ஒரு பிழையும் இல்லை. என் வீட்டுக்காரர் ஹெட் அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங்கைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கோடுகூட வரவில்லை.

கடைசியில் டேங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ் இருப்பதைப் பார்த்தேன். சாமான் கட்டியவர்கள் இங்க் சிந்தக்கூடாது என்று அதைத் திருப்பி மூடியிருக்கிறார்கள். அவர்கள் செய்தது சரிதான், எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. எப்சனின் எல்110, எல்210 போன்ற பழைய டேங்க் மாடல்களில் இந்தப் பூட்டு உண்டு. அது மூடியிருந்தால் டேங்கிலிருந்து ஹெட்டுக்கு இங்க் இறங்கவே இறங்காது. திருப்பிவிட்டும் உடனே வரவில்லை, குழாயில் காற்று புகுந்திருந்தது. ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் ஒரு கிளீனிங் போட்டதும் நான்கு நிறமும் வந்துவிட்டது. வீடு மாற்றுகிறவர்கள் தயவுசெய்து முதலில் இதைப் பாருங்கள்.

* * *

அந்த மேடம் ஹெட் கிளீனிங் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு பிரிண்டர் சர்வீஸில் இருந்தவன், இப்போது டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கிளீனிங்கிலும் பம்பு ஹெட்டிலிருந்து இங்கை உறிஞ்சுகிறது. அந்த இங்க் எங்கே போகிறது? பிரிண்டரின் அடியில் பஞ்சு மாதிரி ஒரு ஃபெல்ட் இருக்கிறது, அதில்தான் போய்ச் சேர்கிறது. வேஸ்ட் இங்க் பேட் என்போம். அது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் தொட்டுப் பார்ப்பதில்லை. எத்தனை கிளீனிங், எவ்வளவு இங்க் என்று கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளும். கணக்கு நிறைந்ததும் பிரிண்டர் நின்றுவிடும். கேனனில் 5பி00 என்று வரும். எப்சனில் உள்பாகத்தின் ஆயுள் முடிந்தது என்று வாசகம் வரும்.

இதற்கு ரீசெட் மென்பொருள் நிறையக் கிடைக்கிறது. கணக்கை அழித்தால் பிரிண்டர் ஓடும், உண்மை. ஆனால் ஃபெல்ட் நனைந்தபடியே இருக்கிறதே! அடியில் இங்க் வழிந்து மேஜை பாழானதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படி வழிகிற இங்க் சுற்றியுள்ள எலக்ட்ரானிக்ஸையும் கெடுக்கும். பேடை மாற்றிவிட்டு ரீசெட் செய்யுங்கள், அதுதான் முறை. கண்ட இடத்தில் இறக்கும் மென்பொருளோடு வைரஸும் வந்து சேர்ந்த கம்ப்யூட்டர்கள் என் கடைக்கு வந்திருக்கின்றன. புதிய மாடல்கள் சிலவற்றில் இதை மெயின்டனன்ஸ் பாக்ஸ் என்று தனியாக வைத்திருக்கிறார்கள், வீட்டிலேயே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போதே அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

* * *

சார், எனக்கு ஒரு சந்தேகம். கறுப்பு மட்டும் விட்டு விட்டு வருகிறது, கலர் நன்றாக இருக்கிறது. கோடைகாலம் முழுக்க அடிக்கவில்லை, அதனால் காய்ந்திருக்குமா? ஹெட்டைக் கழற்றி வெந்நீரில் கழுவலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

* * *

தம்பி, முதலில் எழுதியவன்தான் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சில டேங்க் மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க், கலர் மூன்றும் டை இங்க், அதாவது நீரில் கரைந்த சாயம். பிக்மென்ட்டில் நிறத்துகள்கள் நீரில் கரையாமல் மிதப்பதால், காய்ந்தால் ஹெட்டில் இங்க் வரும் நுண்துளையான நாசிலைக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். முதலில் எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று தாளில் அடித்துக் காட்டும் நாசில் செக், அப்புறம் ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். மூன்று தடவை செய்தும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். சில எப்சன் மாடல்களின் கையேட்டிலேயே அதற்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் விட்டுவிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் காய்ந்தது கொஞ்சம் ஊறும், குழாயில் காற்று இருந்தால் மேலேறிவிடும். தொடர்ந்து போட்டால் இங்கும் போகும், சர்வீஸ் நண்பர் சொன்ன பேடும் நிறையும்.

கழுவுவது எல்லா ஹெட்டுக்கும் ஒத்துவராது. கேனன், எச்பி ஹெட்களில் குட்டிக் குட்டி ஹீட்டர்கள் இங்கைச் சூடாக்கிக் குமிழியாக்கித் தெளிக்கின்றன. எப்சன், பிரதர் ஹெட்களில் மின்சாரம் பட்டதும் வளைகிற பீசோ படிகம் தெளிக்கிறது. எப்சன் வீட்டு மாடல்களில் ஹெட்டைக் கழற்றுவது நம் வேலையே இல்லை. கழற்றக்கூடிய ஹெட்டாக இருந்தாலும் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து மடித்த டிஷ்யூவின் மேல் நாசில் பக்கத்தை மட்டும் வைத்தால் போதும். பொன்நிறத் தகடு தெரிகிறதே, அந்த காண்டாக்ட் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. பட்டால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் ஹெட்டோடு போர்டும் போகும்.

இன்னொன்று கேட்கிறேன், பிரிண்டரை எப்படி அணைக்கிறீர்கள்? அதன் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். அடித்துக்கொண்டிருக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைத்தாலோ, கரண்ட் போனாலோ ஹெட் நடுவழியில் திறந்தபடியே நிற்கும். நம் ஊர் வெயிலுக்கு அப்படி நின்றால் காய்வதற்கு அதிக நாள் வேண்டாம். கரண்ட் போய் வந்ததும் ஒரு தடவை ஆன் செய்து, பட்டனால் அணைத்து வையுங்கள்.

சரி, இப்போதைக்கு நாசில் செக் தாளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், மாடல் பெயரையும் எழுதுங்கள். கறுப்புக் கட்டத்தில் அங்கங்கே கோடு விட்டிருக்கிறதா, ஒரு பக்கமாக மொத்தமாகக் காணவில்லையா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன்.