இன்ஜின் ஆயில்: மேனுவலில் 15,000, கடைக்காரர் 25,000, மெக்கானிக் 5,000. எதைக் கேட்பது? உதவி தேவை

மேடவாக்கம் டர்போ:
வணக்கம் நண்பர்களே. 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், வாரண்டி இன்னும் இருக்கிறது. ஆயில் மாற்ற 15,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று மேனுவலில் போட்டிருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு ஃபுல் சிந்தெடிக் டப்பாவைக் காட்டி, இதை ஊற்றினால் 25,000 வரை திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்கிறார். ஜெர்மனியில் இருக்கும் மச்சான் காருக்கு 30,000 கி.மீ., இரண்டு வருஷம். எங்கள் தெரு மெக்கானிக்கோ எந்த ஆயிலாக இருந்தாலும் 5,000க்கு மேல் விடாதே என்கிறார். என் ஓட்டம் தினமும் மேடவாக்கத்திலிருந்து தரமணி, முக்கால்வாசி நேரம் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும்தான், ஏசி எப்போதும் ஓடும். போன தடவை மாற்றி 9,000 கி.மீ. ஆகிறது, பத்து மாதம். இப்போதே மாற்றவா, 15,000 வரை விடலாமா?

பட்டறைக்காரர்:
தம்பி, இப்போதே மாற்றிவிடு. 15,000 என்பது பொய் இல்லை, ஆனால் உன் ஓட்டத்துக்குச் சொன்ன கணக்கு இல்லை. டாஷ்போர்டில் டிரிப் கம்ப்யூட்டர் இருக்கும் பார், அதில் சராசரி வேகம் எவ்வளவு காட்டுகிறது? மணிக்கு 20 கி.மீ. என்றால் 10,000 கி.மீ. ஓட இன்ஜின் 500 மணி நேரம் சுற்றியிருக்கிறது. அதே 10,000ஐ ஹைவேயில் 60 சராசரியில் ஓட்டுகிறவனுக்கு 170 மணி நேரம்கூட ஆகாது. சிக்னலில் நிற்கும்போது மீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். மேனுவலைக் கடைசி வரை புரட்டினால் கடுமையான பயன்பாடு என்று ஒரு பகுதி பெரும்பாலும் இருக்கும். குறைந்த தூர ஓட்டம், நெரிசல், தூசி, அதிக வெயில் எல்லாம் அதில்தான் வரும். சென்னையில் ஓட்டும் நம்மில் பாதிப் பேர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறோம், ஆனால் படிப்பது முதல் பக்கத்து அட்டவணையை.

அப்புறம் உன்னுடையது டர்போ. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். பழைய ஆயில் அந்தச் சூட்டில் கருகி, ஆயில் போகிற வழியில் கரியாகப் படியும். ஒரு தடவை ஆயில் மாற்றும் செலவையும் ஒரு டர்போவின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

ஹைவே டீசல்:
அண்ணன் சொல்வது சிட்டிக்குச் சரி. ஆனால் 5,000க்கு ஒரு தடவை மாற்று என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அது சிந்தெடிக் பரவாத, மினரல் ஆயில் காலத்துப் பேச்சு. என் டீசல் வண்டி சென்னை–பெங்களூர்தான் ஓடுகிறது, இன்ஜின் ஒரு தடவை சூடானால் ஐந்தாறு மணி நேரம் ஒரே சீராக ஓடும், மேனுவலில் உள்ளபடிதான் மாற்றுகிறேன், தடுமாற்றம் இல்லை. ஆயில் கறுப்பாகிவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுப்பாகும், கரித்துகளை இன்ஜினில் படியவிடாமல் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

பிஎஸ்6 டீசலில் கவனிக்க வேண்டியது வேறு. புகைக் குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டிக்கு டிபிஎஃப் என்று பெயர், அதைச் சுத்தம் செய்ய இன்ஜின் அதிகப்படி டீசலைப் பீய்ச்சும். சிட்டியிலேயே ஓட்டி அந்தச் சுத்தம் பாதியில் நின்றுபோனால் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். ஏறியிருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும்.

ஆயில் லேப்:
மச்சான் வண்டி 30,000 பற்றி. அதுவும் நிஜம்தான். உதாரணத்துக்கு, ஃபோக்ஸ்வாகன் குழுமம் ஜெர்மனியில் 504 00, 507 00 என்ற தரத்துக்கு அங்கீகாரம் பெற்ற ஆயிலுக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம் அல்லது 30,000 வரை அனுமதிக்கிறது. அந்த ‘அதிகபட்சம்’தான் முக்கியம். வண்டியே ஓட்டத்தைக் கணக்குப் போட்டு, குறைந்த தூரமாக ஓட்டினால் முன்னாடியே கூப்பிடும். அதே ஆயிலை இங்கே ஊற்றினால் அந்த 30,000 கூடவே வந்துவிடாது.

ஆயில் கெடுவது வழுவழுப்பு போவதால் மட்டும் இல்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தை முறிக்க ஆயிலில் காரச் சேர்மம் கலந்திருப்பார்கள், அது மெல்ல மெல்லத் தீரும். சிந்தெடிக் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் அதிலும் அந்தச் சேர்மத்துக்கு ஒரு முடிவு உண்டு. ஏப்ரல் 2020 முதல் நம் எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) ஆகக் குறைந்தது பெரிய உதவி, முன்பு 50 இருந்தது. பழைய 5,000 கணக்கு இன்று தேவையில்லாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தூசி குறையவில்லை. பழைய ஆயிலைச் சோதனைக்குக் கொடுத்தால் சிலிக்கான் அளவு வரும். அது அதிகமாக இருந்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் வழியாக மண் உள்ளே போகிறது என்று அர்த்தம். நீண்ட இடைவெளி வேண்டும் என்பவர்கள் அப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நீட்ட வேண்டும், டப்பா மேல் எழுதியிருப்பதை நம்பி இல்லை.

மேடவாக்கம் டர்போ:
சராசரி வேகம் பார்த்தேன், 17 காட்டுகிறது! இவ்வளவு குறைவாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அப்போ கடைக்காரர் சொன்ன ஆயிலை வாங்கி, 10,000க்கு மாற்றினால் சரியா?

பட்டறைக்காரர்:
முதலில் அது உன் மேனுவலில் சொன்ன கிரேடா (ஆயில் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்) பார். 0டபிள்யூ-20 என்று போட்டிருந்தால் அதுதான், கெட்டியாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றாதே. டர்போ பெட்ரோலுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) வகுத்த எஸ்பி தரம் இருந்தால் நல்லது. குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றி வெடிப்பதைத் தடுக்கவும், டைமிங் செயின் தேய்மானத்தைக் குறைக்கவும் 2020இல் கொண்டுவந்த தரம் அது. வாரண்டி இருக்கும்வரை சர்வீஸ் சென்டரிலேயே மாற்று, பில்லில் ஆயில் கிரேடையும் கிலோமீட்டரையும் எழுதச் சொல். உன் ஓட்டத்துக்கு 7,500, இல்லாவிட்டால் பத்து மாதம், எது முதலோ அது. ஃபில்டரையும் கூடவே மாற்று, ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றினால் முழுப் பயன் கிடைக்காது.

ஹைவே டீசல்:
நடுவில் டிப்ஸ்டிக் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். சில டர்போ பெட்ரோல் இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து பத்து நிமிஷம் விட்டு, வெள்ளைத் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். முகர்ந்தும் பாருங்கள், பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால் தேதி பார்க்காமல் மாற்றுங்கள்.

மேடவாக்கம் டர்போ:
நன்றி அண்ணன்களே. சனிக்கிழமை சர்வீஸ் சென்டரில் நேரம் வாங்கிவிட்டேன், ஃபில்டரோடு சேர்த்து. மச்சானிடமும் அவன் காரில் சராசரி வேகம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன்.